ரங்கநாதனின் நகரில் கோப்புப் பகிர்வு: ஒரு வரலாற்றுக் குறிப்பு

2025 ஆகஸ்டில் சைஹப் தளத்தை இந்தியாவில் முடக்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது முதல், ஆய்வு மாணவர்களிடையே நடக்கும் விவாதம் இரண்டு நிலைப்பாடுகளில் உறைந்து நிற்கிறது. பிறர் உடைமையை விலை கொடாமல் எடுப்பது களவு, கல்வியின் பெயரால் செய்தாலும் களவே என்கிறது ஒரு தரப்பு. அறிவு பொதுச்சொத்து, அதற்கு வேலி கட்டியவரே களவாளி என்கிறது மறுதரப்பு. இரண்டும் முழக்கங்களாக வலுவானவை. ஆனால் ஆய்வாளர்கள் தங்களுக்குள் எழுத்துகளைப் பகிர்ந்துகொள்வது இணையத்தோடு பிறந்த பழக்கமன்று என்பதை இரு தரப்பும் கருதிப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் ஆய்வாளரின் கடமையாக மதிக்கப்பட்ட செயல், பின்னொரு காலத்தில் குற்றமெனப் பெயர் பெற்றது. அந்தப் பெயர்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிந்த பின்னரே அதன் அறத்தைப் பேச முடியும்.

அந்த வரலாற்றின் சில முக்கியக் கட்டங்கள் பெங்களூரில் நிகழ்ந்தவை. அவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்குறிப்பின் நோக்கம். திரைப்படம், பாடல் முதலியவற்றின் பகிர்வு இங்கு என் பொருளன்று. ஆய்வுக் கட்டுரைகளையும் நூல்களையும் பகிரும் குழுமங்களை மட்டுமே கருதுகிறேன்.

1. ஐந்து விதிகளும் திறந்த அடுக்குகளும்

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, லண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1931-ல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகள் உலகெங்கும் நூலகப் பாடத்திட்டத்தின் அரிச்சுவடியாயின. நூல்கள் பயன்பாட்டுக்குரியவை என்பது முதல் விதி. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவர் வேண்டும் நூல் கிடைக்க வேண்டும், நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும், வாசகரின் நேரம் மிச்சமாக வேண்டும் என்பன அடுத்த மூன்று. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிரி என்பது ஐந்தாவது.

இன்று இவை வெற்று உண்மைகள்போல் ஒலிக்கக்கூடும். பூட்டிய அலமாரிகளின் சாவியைக் காப்பதே நூலகரின் தலையாய பணி என்று கருதப்பட்ட காலத்தில் அவை எழுதப்பட்டன என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். வாசகர் தாமே அடுக்குகளுக்கிடையே நடந்து நூலைத் தேர்ந்தெடுக்கும் திறந்த அடுக்குமுறையை ரங்கநாதன் வற்புறுத்தினார். அடுக்குகளைத் திறந்துவிட்டால் நூல்கள் களவு போகுமே என்ற அச்சம் அன்றும் எழுந்தது. அவர் வாசகரின் பக்கமே நின்றார். இன்று உலகமெங்கும் கட்டணமில்லா ஆய்விதழ்களைக் குறிக்க வழங்கும் ‘திறந்த அணுக்கம்’ என்ற தொடர், நூலகவியலில் முதலில் இந்தத் திறந்த அடுக்குகளையே குறித்தது.

வாரணாசி, தில்லி, சூரிச் எனப் பல ஊர்களில் பணியாற்றிய பின் 1957-ல் அவர் பெங்களூரில் குடியேறினார். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆவண ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தை 1962-ல் இந்நகரில் நிறுவினார். 1972-ல் இங்கேயே மறைந்தார். கோப்புப் பகிர்வுக் குழுமங்களை மக்கள் ஏன் நாடுகிறார்கள் என்ற கேள்விக்கு அவருடைய விதிகளைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குத் தென்படவில்லை. நூலகம் எந்த விதியை நிறைவேற்றத் தவறுகிறதோ, அந்த இடத்தில்தான் ஒரு குழுமம் முளைக்கிறது.

2. தபாலில் சென்ற பகிர்வு

1928 மார்ச் 16 அன்று சி. வி. ராமன் பெங்களூரில் தென்னிந்திய அறிவியல் கழகத்தின் கூட்டத்தில் தம் புதிய கதிர்வீச்சைப் பற்றி உரையாற்றினார். அவ்வுரை அந்த மாத இறுதிக்குள் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்’ இதழில் அச்சேறியது. இரண்டாண்டுகளுக்கு முன் அவரே தொடங்கிய இதழ் அது. அச்சான கையோடு அதன் தனிப்பிரதிகள் உலகெங்கிலுமுள்ள இயற்பியலாளர்களுக்குத் தபாலில் சென்றன. அதே வேளையில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டல்ஷ்டாமும் அதே விளைவைக் கண்டிருந்தனர். கண்டுபிடிப்பு எவருடையது என்ற கேள்வியில், கட்டுரை எவ்வளவு விரைவாக எத்தனை கைகளை அடைந்தது என்பதற்கும் பங்கு இருந்தது. கொல்கத்தாவில் இருந்தபடி லண்டன், பெர்லின் அறிஞர்களை எட்ட ராமனுக்குக் கிடைத்த வழி இந்தத் தபால் பகிர்வுதான். 1934-ல் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தை நிறுவிய அவர், அதே ஆண்டில் அதன் நடவடிக்கை இதழையும் தொடங்கிவிட்டார்.

தனிப்பிரதி அனுப்புவது இருபதாம் நூற்றாண்டு முழுவதும் அறிவுலகின் இயல்பான வழக்கம். கட்டுரை வெளியானதும் இதழ் ஆசிரியருக்குச் சில படிகளைக் கொடுக்கும். அவர் அவற்றைக் கேட்போருக்கெல்லாம் அனுப்புவார். 1950-களுக்குப் பின் ‘கரண்ட் கண்டென்ட்ஸ்’ போன்ற பொருளடக்கத் தொகுப்புகளைப் பார்த்து, தங்கள் நூலகத்தில் இல்லாத கட்டுரைகளுக்கு அச்சிட்ட அஞ்சலட்டையில் ஆசிரியருக்கு வேண்டுகோள் விடுப்பது இந்திய ஆய்வகங்களில் வாராந்திரப் பணியாயிற்று. கேட்பவர் கூச்சப்படவில்லை. கொடுப்பவர் அதைப் பெருமையாகக் கொண்டார்.

அரசும் இதில் இறங்கியது. 1952-ல் யுனெஸ்கோவின் துணையோடு தில்லியில் அமைந்த இன்ஸ்டாக் என்னும் தேசிய அறிவியல் ஆவண மையத்தின் முதன்மைப் பணிகளுள் ஒன்று, நாட்டின் எந்த ஆய்வாளர் கேட்டாலும் கட்டுரையின் ஒளிப்பட நகலையோ நுண்படத்தையோ தயாரித்து அனுப்புவது. பின்னர் பெங்களூரிலும் அதற்குக் கிளை அமைந்தது. இன்றைய சொல்லில் கூறினால், அரசு நடத்திய கட்டுரைப் பகிர்வுச் சேவை. அதைக் களவு என்று எவரும் அழைத்ததில்லை.

3. கட்டுரை கைமாறிய கதை

அப்படியானால் மாறியது எது? கட்டுரையை எழுதுபவர், மதிப்பிடுபவர், வாசிப்பவர் என மூவரும் அன்றுபோலவே இன்றும் பெரும்பாலும் பல்கலைக்கழகச் சம்பளத்தில் வாழ்பவர்கள். மாறியது உரிமையாளர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அறிவியல் ஆய்வுக்கு அரசுகள் பெரும்பணம் ஒதுக்கின. அறிஞர் கழகங்கள் நடத்திவந்த இதழ்களுக்கு அப்பால், புதுப்புதுத் துறைகளுக்கு இதழ் தொடங்கினால் நூலகங்கள் வாங்கியே தீரும் என்பதை உணர்ந்தவர் ராபர்ட் மாக்ஸ்வெல். அவருடைய பெர்கமான் நிறுவனம் அந்த வழியில் வளர்ந்து, 1991-ல் எல்செவியரின் கைக்குச் சென்றது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து பதிப்புரிமையை எழுத்துபூர்வமாகப் பதிப்பகத்துக்கு மாற்றித் தருவது வெளியீட்டின் வழக்கமான நிபந்தனையாகப் பரவியது. கட்டுரை ஆசிரியருக்கு ஊதியம் இல்லை, மதிப்பீட்டாளருக்கும் இல்லை. 2013-ல் வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஐந்தே பதிப்பகக் குழுமங்களிடம் இருந்தன என்று 2015-ல் வந்த லாரிவியேர் குழுவின் ஆய்வு காட்டியது. எல்செவியரின் தாய் நிறுவனமான ரெலெக்ஸ், தன் அறிவியல் பதிப்புப் பிரிவின் வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இயக்க லாபமாகக் காட்டிவருகிறது.

இந்தியாவைப் பொறுத்தவரை 1991 என்ற ஆண்டை அடிக்கோடிட வேண்டும். அந்த ஜூலையில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஆய்விதழ்ச் சந்தா டாலரிலும் பவுண்டிலும் கட்டப்படுவது. நூலகத்தின் நிதி ரூபாயில் அப்படியே இருக்க, இதழின் விலை ஒரே வாரத்தில் ஏறியது. பல்கலைக்கழக நூலகங்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து வாங்கிவந்த இதழ்களை நிறுத்தின. இன்றும் பழைய நூலகங்களின் அடுக்குகளில் கட்டமைத்த தொகுதிகள் 1990-களின் தொடக்கத்தில் சட்டென நின்றுபோவதைக் காணலாம். அடுத்த மாதமே, ஆகஸ்டில், அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் பால் கின்ஸ்பார்க் இயற்பியல் முன்வரைவுகளைப் பகிர ஒரு கணினிச் சேவையைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் ஆர்க்கைவ் என்று அறியப்பட்டது. அதன் இந்தியப் பிரதித்தளம் சென்னையின் கணித அறிவியல் நிறுவனத்தில் இயங்கியது. கதவு ஒன்று அடைபட்ட தருணத்தில் மற்றொன்று திறந்தது. ஆனால் அது இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் திறந்த அளவு வேதியியலுக்கும் மருத்துவத்துக்கும் திறக்கவில்லை. வரலாறும் சமூகவியலும் பயில்வோருக்கு அது எட்டவேயில்லை.

4. பெங்களூர் காட்டிய சட்டவழி

2002-ல் இந்திய அறிவியல் நிறுவனம் தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளை எவரும் இலவசமாகப் படிக்கும்படி சேமித்து வைக்கும் களஞ்சியம் ஒன்றைத் தொடங்கியது. நாட்டின் முதல் நிறுவனக் களஞ்சியம் அதுதான். அதற்கு மென்பொருள் செலவு கிடையாது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் இலவசமாக அளித்த ஈபிரின்ட்ஸ் போதுமானதாக இருந்தது. இதழில் அச்சான இறுதி வடிவத்தை வெளியிட முடியாவிடினும், ஏற்கப்பட்ட கைப்பிரதியை ஆசிரியரே களஞ்சியத்தில் வைக்கப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. அந்த இடைவெளியை முறையாகப் பயன்படுத்தும் வழி அது. பழைய தனிப்பிரதி வழக்கத்தின் சட்டபூர்வமான வாரிசு என்றே அதைச் சொல்வேன்.

தமிழரான தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் இந்தக் கருத்தைச் சென்னையிலும் பெங்களூரிலும் பல்லாண்டுகள் பரப்பியவர். 2006 நவம்பரில் இந்திய அறிவியல் நிறுவனத்தில் கூடிய பயிலரங்கு, வளரும் நாடுகளுக்கான தேசியத் திறந்த அணுக்கக் கொள்கை ஒன்றின் வரைவைப் பெங்களூர்ப் பிரகடனமாக முன்வைத்தது. பொதுப்பணத்தில் நடந்த ஆய்வின் முடிவுகள் பொதுக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இதே பொருளில் கொள்கை வெளியிட 2014 டிசம்பர் ஆயிற்று. கொள்கை இருந்தும் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் களஞ்சியம் இல்லை. இருக்கும் இடங்களிலும் ஆசிரியர்கள் கட்டுரைகளைச் சேர்ப்பதில்லை. இந்த மெத்தனத்தைப் பதிப்பகங்களின் கணக்கில் எழுத முடியாது.

நூல்களின் கதை வேறு விதமாகச் சென்றது. சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற ராஜ் ரெட்டி, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து பத்து லட்சம் நூல்களை மின்னுருவாக்கும் திட்டத்தை முன்னெடுத்தார். அதன் இந்தியப் பகுதியை இந்திய அறிவியல் நிறுவனத்தின் என். பாலகிருஷ்ணன் வழிநடத்தினார். 2003-ல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்த இந்திய மின்னூலகம் இதிலிருந்து உருவானது. லட்சக்கணக்கான நூல்கள், அவற்றுள் பழந்தமிழ் நூல்களும் இதழ்களும் ஏராளம். ஆனால் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிப் படக்கோப்பாக இருந்தது. தலைப்புகள் ரோமன் எழுத்தில் பிழையாகப் பதிவாகியிருந்தன. ஒரு நூலைப் படிக்க நூற்றுக்கணக்கான முறை சொடுக்க வேண்டும். வாசகரின் நேரம் பற்றிய நான்காம் விதி அங்கே முற்றிலும் மறக்கப்பட்டது.

இதற்கு விடை கண்டவர்கள் வாசகர்கள். பக்கங்களை ஒருசேர இறக்கி ஒரே கோப்பாக்கும் சிறு நிரல்களை ஆர்வலர்கள் எழுதிப் பரிமாறிக்கொண்டனர். பிழையான தலைப்புகளைத் திருத்திப் பட்டியலிட்டனர். அமெரிக்காவின் கார்ல் மலமூட் ஏறக்குறைய நான்கு லட்சம் நூல்களைப் படியெடுத்து இன்டர்நெட் ஆர்கைவில் ஏற்றினார். பதிப்புரிமைச் சிக்கல்களைக் காரணங்காட்டி 2017 வாக்கில் மூலத்தளம் அணுக முடியாமற்போனபோது, அந்தப் படிகளே ஆய்வாளருக்குக் கைகொடுத்தன. அவற்றுள் பதிப்புரிமை முடியாத நூல்களும் கலந்திருந்தன என்பது உண்மை. ஆட்சேபம் எழுந்தவை நீக்கப்பட்டன. 2019 முதல் பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்திலேயே ‘அறிவின் ஊழியர்கள்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு தன்னார்வ மின்னுருவாக்கப் பணி நடந்துவருகிறது. கோகலே 1905-ல் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தை அப்பெயர் நினைவூட்டுகிறது. ராமன் நிறுவிய கழகத்தின் வளாகத்தில் அது நடப்பது பொருத்தம்தான்.

5. ஒரே செயலுக்கு இரண்டு சட்டங்கள்

தில்லிப் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடையின் மீது 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. ஆசிரியர்கள் பரிந்துரைத்த நூல்களின் சில இயல்களை நகலெடுத்துப் பாடத்தொகுப்பாகக் கட்டி விற்றதே குற்றச்சாட்டு. மாணவர் சங்கமும் ஆசிரியர் சங்கமும் வழக்கில் தம்மை இணைத்துக்கொண்டன. 2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமையை இயற்கையான, மாறாத உரிமையாகக் கருத முடியாது, பொதுநலன் கருதிச் சட்டம் வகுத்த உரிமையே அது என்ற கோணத்தில் அத்தீர்ப்பு அமைந்தது. டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கற்பித்தலுக்கு அளிக்கும் விலக்கை உறுதி செய்தது. 2017-ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

அதே காலத்தில் கர்நாடகத்தில் நடந்தது வேறு. 2014-ல் மாநிலத்தின் 1985-ஆம் ஆண்டுக் குண்டர் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, ‘டிஜிட்டல் குற்றவாளி’ என்ற புதிய வகையினர் அதில் சேர்க்கப்பட்டனர். வணிக நோக்கில் பதிப்புரிமையை மீறுபவரைக் கள்ளச்சாராயம் காய்ச்சுபவரோடு ஒரே பட்டியலில் வைத்து, விசாரணைக்கு முன்பே ஓராண்டு வரை காவலில் வைக்க அச்சட்டம் வழி செய்கிறது. தமிழ்நாடு பத்தாண்டுகளுக்கு முன்பே, 2004-ல், திருட்டு வீடியோ தயாரிப்போரைத் தன் குண்டர் சட்டத்தில் சேர்த்திருந்தது. திரைத்துறையின் இழப்பு மெய்யானது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் விசாரணையின்றிச் சிறைவைப்பது, மீறலுக்கும் தண்டனைக்கும் இடையே இருக்க வேண்டிய விகிதத்தைக் குலைக்கிறது. வணிக நோக்கு என்ற சொல்லுக்கு அப்பால் மாணவர்களுக்கு எந்தக் காப்பும் அதில் எழுதப்படவில்லை. 2008-ல் பெங்களூரில் தொடங்கிய இணையமும் சமூகமும் குறித்த ஆய்வு மையம் இத்திருத்தத்தைக் கடுமையாக விமர்சித்தது.

ஆக, நகலெடுத்தல் என்ற ஒரே செயல், தில்லியில் கல்வியின் உரிமையாகவும் பெங்களூரில் குண்டர் செயலுக்கு அண்டை வீடாகவும் ஒரே பத்தாண்டில் வரையறுக்கப்பட்டது. சட்டத்தை மட்டும் வைத்து அறத்தை முடிவு செய்ய விழைபவர் இந்த முரணுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும்.

6. சைஹப்பை நாடியவர்கள் யார்?

கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்கியான் 2011-ல் சைஹப்பைத் தொடங்கினார். தமக்கு வேண்டிய கட்டுரைகள் கட்டணச் சுவருக்குப் பின்னால் இருந்ததே அவர் சொன்ன காரணம். 2016-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஜான் போஹானன் எழுதிய கட்டுரை, எல்பாக்கியானே அளித்த வழங்கிப் பதிவுகளை ஆராய்ந்தது. ஆறு மாதங்களில் 2.8 கோடிப் பதிவிறக்கங்கள். சீனா 44 லட்சம், இந்தியா 34 லட்சம், ஈரான் 26 லட்சம். இதுவரை வறுமையின் வரைபடம் என்று சொல்லலாம். ஆனால் பதிவிறக்கங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று பொருளாதார ஒத்துழைப்பு நிறுவனத்தின் உறுப்பினரான செல்வ நாடுகளிலிருந்து வந்தது. ஏராளமான இதழ்களுக்குச் சந்தா கட்டும் அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களிலிருந்தும் அதை நாடினர். அவர்களிடம் உரிமை இருந்தது. ஆனால் பல படிகளைக் கடந்து உள்நுழைவதைவிட அங்கே செல்வது எளிதாயிருந்தது.

எனவே காரணம் ஒன்றன்று. விலை முதற்காரணம்: அது இரண்டாம் விதியின் தோல்வி. அலுப்பு அடுத்த காரணம்: நான்காம் விதியின் தோல்வி. மூன்றாவதாக, எந்த நூலகமும் விலைக்கு வாங்க இயலாதபடி அச்சிலிருந்து மறைந்துபோன நூல்கள். அங்கே பணம் கொடுக்க ஆயத்தமாக இருப்பவரும் குழுமத்தையே நாட வேண்டியிருக்கிறது. நான்காவது காரணம் உறவு. கேட்டவுடன் முகமறியா ஒருவர் கட்டுரையை அனுப்புகிறார். மறுவாரம் இவர் வேறொருவருக்கு அனுப்புகிறார். அஞ்சலட்டைக் காலத்தின் அதே கொடுக்கல் வாங்கல்தான் இது. தனியே ஆய்வு செய்பவருக்கு அறிவுச் சமூகத்தில் தாமும் ஓர் உறுப்பினர் என்ற உணர்வைத் தருவதும் இதுவே.

பதிப்பகங்களின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். மதிப்பீட்டை ஒருங்கிணைப்பது, செம்மைப்படுத்துவது, திருத்தங்களையும் மீளப்பெறுதல்களையும் பதிவு செய்வது, நூற்றாண்டுகளுக்குப் பாதுகாப்பது எல்லாம் செலவு பிடிப்பவை. தில்லியில் 2020 டிசம்பரில் எல்செவியர், வைலி ஆகியவற்றோடு சேர்ந்து வழக்குத் தொடுத்த அமெரிக்க வேதியியல் கழகம் லாப நோக்கமற்ற அறிஞர் அமைப்பு. சைஹப் பயன்படுத்திய பல்கலைக்கழகக் கடவுச்சொற்களில் சில உரியவர் அறியாமல் பெறப்பட்டவை என்ற குற்றச்சாட்டும் உண்டு. அது உண்மையானால் அங்கே பகிர்வு முடிந்து வஞ்சகம் தொடங்குகிறது. இந்திய அறிவியலாளர்கள் 2021 ஜனவரியில் நீதிமன்றத்தை அணுகியபோது, தளத்தின் வழிமுறைகளைப் போற்றவில்லை. அது இல்லாவிடில் தங்கள் ஆய்வு என்னவாகும் என்பதையே முன்வைத்தனர்.

இடைவழி ஒன்றும் முயலப்பட்டது. 2019-ல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மலமூட் உருவாக்கிய தரவுக் கிடங்கில் 7.3 கோடிக் கட்டுரைகள் இருந்தன. அவற்றை எவரும் படிக்கவோ இறக்கவோ முடியாது. கணினி நிரல் கொண்டு சொற்களையும் போக்குகளையும் அலசலாம். படிப்பதற்கும் அலசுவதற்கும் இடையே சட்டம் வேறுபாடு காண வேண்டுமா என்ற கேள்வி, செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் பகிர்வுத் தளங்களின் நூற்களஞ்சியங்களைப் பயன்படுத்தியது தொடர்பான வழக்குகளில் இன்று உலகெங்கும் எழுகிறது. மாணவர் ஒருவர் ஒரு கட்டுரையைப் படிப்பதைக் களவு என்றவர்கள், பெருநிறுவனம் லட்சக்கணக்கான நூல்களை விழுங்குவதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

7. தமிழ்ச் சூழலில் கோடு எங்கே?

பெங்களூரில் தமிழியல் ஆய்வு செய்பவருக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது. தமிழ் நூல்கள் இந்நகர நூலகங்களில் அரிதாகவே கிடைக்கும். அவர் முதலில் கை நீட்டுவது பகிரப்பட்ட கோப்புகளை நோக்கித்தான்.

தமிழில் இதற்கொரு மதிப்புமிக்க முன்மரபு உண்டு. ஏடு பெயர்த்தெழுதிக் கொடுத்தவர்களால்தான் சங்க இலக்கியம் நம்மை வந்தடைந்தது. பாரதியின் படைப்புகள் தனியார் கைகளில் உரிமையாகச் சிக்கியிருந்த நிலையில், 1949-ல் சென்னை மாகாண அரசு அவ்வுரிமையைப் பெற்று, குடும்பத்தாருக்குத் தொகை வழங்கி, பின்னர் மக்களுக்கே உரியதாக்கியது. ஆ. இரா. வேங்கடாசலபதி இவ்வரலாற்றை விரிவாக எழுதியுள்ளார். பின்னாளில் பல எழுத்தாளர்களின் படைப்புகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியது இதே வழியில். இதில் நான் முதன்மையாகக் கருதுவது, வாசகருக்குத் திறந்துவிடுவதும் வாரிசுக்கு ஈடு கொடுப்பதும் ஒருங்கே நிகழ்ந்தன என்பதை. 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005-ல் ஈழத்து நூல்களுக்காக உருவான நூலகம் திட்டமும் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்தவை. உரிமை முடிந்தவற்றையோ உரியவரின் அனுமதி பெற்றவற்றையோ அவை வெளியிடுகின்றன. பகிர்வும் அறமும் ஒன்றாக நடக்க முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆனால் இன்று டெலிகிராம், வாட்ஸப் குழுக்களில் ஓடும் தமிழ் நூல்களில் கணிசமானவை இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. சென்ற ஆண்டு வெளியான நாவல், சிறு பதிப்பகம் சில நூறு படிகள் மட்டும் அச்சிட்ட கட்டுரைத் தொகுப்பு, இன்னும் விற்பனையில் உள்ள மொழிபெயர்ப்பு ஆகியவை முழுமையாக ஸ்கேன் செய்யப்பட்டுச் சுற்றுகின்றன. எல்செவியருக்கு எதிராக நாம் அடுக்கும் வாதங்களில் ஒன்றுகூட இங்கே பொருந்தாது. அந்த எழுத்தாளருக்குப் பல்கலைக்கழகச் சம்பளம் இல்லை. அந்தப் பதிப்பாளருக்குப் பெருலாபம் இல்லை. நூலின் விலை இரண்டு வேளை உணவின் விலையைத் தாண்டாது. ஆய்வு மாணவர் சிலர் எல்லாவற்றுக்கும் ஒரே நியாயத்தைப் போர்த்திக்கொள்வதை நான் ஏற்க இயலாது. இ.பி.டபிள்யூ. போன்ற, அறக்கட்டளையால் நடத்தப்படும் இந்திய ஆய்விதழ்களின் நிலையும் இதற்கு நெருக்கமானதே. சந்தா குறைந்தால் அவை நின்றுபோகும். நின்றால் இழப்பு நமக்கே.

ஆகவே ஒவ்வொரு கோப்பின் முன்னும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்த உழைப்புக்குப் பொதுப்பணம் முன்பே ஊதியம் கொடுத்துவிட்டதா? சட்டத்துக்குட்பட்ட வழி என் கைக்கெட்டும் தூரத்தில் உண்டா? என் பதிவிறக்கத்தால் இழப்பவர் யார், அவரால் அந்த இழப்பைத் தாங்க முடியுமா? இவை பதிவிறக்கத்தைச் சட்டபூர்வமாக்கிவிடா. எது களவு, எது நூலகம் செய்யத் தவறிய பணி என்று பிரித்தறிய உதவும்.

8. சுவருக்கு வெளியே இருப்பவர்கள்

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களிலுள்ள சுமார் 1.8 கோடி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் கிடைக்கும். இது சிறிய செய்தியன்று. இதுவரை எந்த வெளிநாட்டு இதழையும் கண்டிராத அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பெரிய வாசல்.

ஆயினும் முதற்கட்டத்தில் அது அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. தனியார் கல்லூரிகள் நிறைந்த பெங்களூரில் இதன் பொருள் வெளிப்படை. பட்டம் பெற்று இன்னும் வேலை கிடைக்காத முனைவர், சிறு ஊரின் மருத்துவர், தன்னார்வ அமைப்பின் ஆய்வாளர், பள்ளி ஆசிரியர் எல்லோரும் சுவருக்கு வெளியே. சந்தாவுக்கு அரசு பணம் கட்டத் தொடங்கி எட்டே மாதங்களில் சைஹப் முடக்கப்பட்டது. உள்ளே இருப்பவருக்கு முடக்கம் பெரிதாகத் தெரியாது. வெளியே இருப்பவருக்கு எஞ்சியிருந்த ஒரு வழியும் அடைபட்டது. மேலும், வாடகைக்கு எடுத்த வாசல் இது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிடில் மூடிக்கொள்ளும். களஞ்சியங்களில் நாமே சேர்த்து வைத்தது அப்படி மூடாது.

பல்கலைக்கழகத்தில் இருக்கும் நாம் செய்யக்கூடியவை உண்டு. ஏற்கப்பட்ட கட்டுரையின் கைப்பிரதியைக் களஞ்சியத்தில் சேர்க்க இதழ் அனுமதிக்கிறதா என்று பார்த்து, அனுமதித்தால் அன்றே சேர்க்கலாம். களஞ்சியம் இல்லாத பல்கலைக்கழகத்தில் அதைக் கேட்டுப் போராடலாம். முனைவர் பட்ட ஆய்வேடு ஷோத்கங்காவில் ஏற்றப்பட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-லேயே விதித்துள்ளது. நம் ஆய்வேடு அங்கே முழுமையாக இருக்கிறதா என்று சரிபார்க்கலாம். கட்டுரை கேட்டு மின்னஞ்சல் வந்தால், அஞ்சலட்டைக் காலத்து ஆசிரியர்போல் மறுநாளே அனுப்பலாம். பகிர்ந்த நூலிலிருந்து பயன்பெற்றால் ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றைப் பிழையின்றிக் குறிப்பிடலாம். உயிரோடிருக்கும் தமிழ் எழுத்தாளரின் நூலை விலை கொடுத்து வாங்கலாம்; இயலாதவர் தம் நூலகத்தை வாங்கச் சொல்லலாம்.

தங்கள் பல்கலைக்கழகத்தில் களஞ்சியம் செயல்படுகிறதா, தனியார் கல்லூரிகளில் இருப்போர் இன்று கட்டுரைகளை எவ்வழியில் பெறுகிறார்கள் என்பதைக் கீழே எழுதினால், இவ்விவாதத்துக்குப் பயன்படும்.